மூச்சோடு போகும் ஈரம்: சில பயனுள்ள குறிப்புகள்

ஏ.சி. அறையில் தூங்கி எழுந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தொண்டை கரகரக்கிறது. மூக்கைச் சிந்தினால் காய்ந்த பொருக்கு வருகிறது. இரவு முழுக்க மூச்சுப்பாதை தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நாம் எந்தக் காற்றை இழுத்தாலும், அது நுரையீரலின் நுண்ணறைகளைத் தொடுவதற்குள் 37 டிகிரி சூட்டுக்கு வந்து, கொள்ளும் அளவுக்கு ஈரத்தையும் ஏற்றுக்கொண்டுவிட வேண்டும். அப்போது ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். 44 என்ற இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். வெளிக்காற்றில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் தங்கள் கையிருப்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஒரு நாளில் நாம் இழுக்கும் காற்று 10,000 லிட்டருக்கு மேல். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கே தினமும் 250 முதல் 400 மில்லி தண்ணீர் மூச்சு வழியாகப் போய்விடுகிறது. அதை ஆவியாக்கிய உடல் சூடும் கூடவே போகிறது. ஈரம் குறைந்தால் மூச்சுப்பாதையின் சளிப்படலம் கெட்டியாகும். தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளும் நுண்மயிர்கள் அதில் சிக்கித் தளர்ந்துவிடும். தொண்டை வறட்சியைச் சின்ன விஷயமாக விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான்.

1. முதலில் கவனிக்க வேண்டியது, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவது. மூக்கின் உட்சுவரில் சுருள் சுருளான எலும்பு மடிப்புகள் உண்டு. அவற்றின் மேல் ரத்த ஓட்டம் மிகுந்த ஈரச்சவ்வு போர்த்தியிருக்கிறது. உள்ளே போகும் காற்று அந்தச் சவ்விலிருந்து சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ள, சவ்வு சற்றுக் குளிர்ந்துவிடும். நுரையீரலிலிருந்து திரும்பும் சூடான காற்று அதே குளிர்ந்த சவ்வைத் தொடும்போது, அதிலுள்ள நீராவியில் ஒரு பங்கு நீராகிப் படிந்துவிடுகிறது. கொடுத்த கடனில் கொஞ்சத்தை வாசலிலேயே வசூலித்துக்கொள்வது போல. மூக்கு வழியே வெளியேறும் காற்று 32 முதல் 34 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். வாய்க்கு இந்த வசதி மிகக் குறைவு. உடற்பயிற்சிக் கூடத்தில் “மூக்கால் இழு, வாயால் விடு” என்று சொல்லித்தருவார்கள். அதை நாள் முழுக்கப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். 2006-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், மூச்சை வாயால் விட்டபோது மூக்கால் விட்டதைவிட 42 சதவீதம் அதிகமாக நீர் போனது. பாலைவனத்து ஒட்டகமும் கங்காரு எலியும் மூக்கின் இதே உத்தியால்தான் தண்ணீரைச் சேமிக்கின்றன. உயிரியலாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சன் அதை அளந்தே காட்டினார்.

2. மூக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த எவர்சில்வர் தட்டையோ சிறு கண்ணாடியையோ மூக்குக்குக் கீழே பிடித்து மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு ஈரத்திட்டுகள் படியும். ஒன்று சிறிதாக இருந்தால் பதற வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று அடைத்து மறுபக்கம் திறப்பது மூக்கின் இயல்பு. நாலைந்து வேளை பார்த்தும் ஒரே பக்கத்தில் ஒன்றும் படியவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் “அப்பா மாதிரியே” என்று விட்டுவிடாதீர்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். வாயால் மூச்சு விடும் குழந்தைக்குத் தொண்டைப் புண் மட்டுமல்ல, எச்சில் காய்வதால் பற்சொத்தையும் சீக்கிரம் வரும். வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கும் வழக்கம் இப்போது சில இடங்களில் பரவுகிறது. மூக்கடைப்பு உள்ள குழந்தைக்கு அது ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

4. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவர்களுக்கு ஈரமூட்டும் கருவி தேவையில்லை. 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள புழுக்கமான மாலைக் காற்றில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் நீராவி இருக்கிறது. உடம்புக்குத்தான் கசகசப்பு, மூக்குக்கு அது வசதி.

5. அதே வீட்டில் ஏ.சி.யைப் போட்டால் கணக்கு மாறிவிடும். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் லிட்டருக்கு 11 மில்லிகிராம்தான். மீதி 33-ஐ மூச்சுப்பாதை கொடுக்க வேண்டும். வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீர் அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்ததுதான்; தூங்குகிறவர்களின் மூச்சில் போன ஈரமும் அதில் இருக்கிறது. 18, 20 என்று வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வதைவிட, 25 அல்லது 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுவது நல்லது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. அது மின்சாரச் சிக்கனத்துக்காக வந்த ஏற்பாடு. மூக்குக்கும் நல்லதாகப் போயிற்று. காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி தகடுகளைத் திருப்பி வையுங்கள்.

6. ஏ.சி. அறையில் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதாலும் ஈரத்துண்டு தொங்கவிடுவதாலும் பெரிய பலன் கிடைக்காது. துண்டு விடும் ஈரத்தில் பெரும்பகுதியை ஏ.சி. மறுபடியும் பிழிந்து வெளியே விட்டுவிடும். விடியற்காலை 3 மணிக்கு ஏ.சி. தானாக நிற்கும்படி டைமர் வைத்து, மின்விசிறியை மட்டும் ஓட விட்டால் அதைவிட நிம்மதியாகத் தூங்கலாம்.

7. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். நெபுலைசரிலோ, ஹியூமிடிஃபையரிலோ, ஆக்சிஜன் பாட்டிலிலோ ஊற்றவே கூடாது. தெளிவாகத் தெரிந்தாலும் அது தூசும் பூஞ்சையும் படிந்த தகட்டைக் கழுவி வந்த நீர்.

8. மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் கோடை மதியத்தில் 38 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்த அனல் காற்றிலும் லிட்டருக்கு 11, 12 மில்லிகிராம் ஈரம்தான். ஏ.சி. அறையின் வறட்சியேதான் இதுவும். இங்கே ஏர்கூலர் நல்ல துணை. குளிர்ச்சியோடு ஈரத்தையும் கொடுக்கும். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தொட்டித் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தேங்கிய நீரே போதும்.

9. ஹியூமிடிஃபையர் வாங்குவதற்கு முன் ஈரப்பதம் காட்டும் சிறு ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை குறைவுதான். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. அதற்கு மேல் ஏற்றினால் சுவரில் பூஞ்சையும் மெத்தையில் தூசிப்பூச்சியும் பெருகி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு வேறு தொல்லை வந்து சேரும்.

10. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது பனிமூட்டத்தில்தான். கண்ணெதிரே நீர்த்திவலை மிதக்கிறது, தலைமுடி நனைகிறது, ‘இங்கே காற்று எப்படிக் காயும்’ என்று தோன்றும். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 5 டிகிரியில் ஈரப்பதம் நூறு சதவீதமாக இருந்தாலும் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான். அந்தக் காற்று மூச்சுக்குழாய்க்குள் 37 டிகிரிக்குச் சூடானதும், தேவையான 44-ல் ஆறில் ஒரு பங்கு ஈரத்தோடு நிற்கிறது. மார்கழி விடியலில் மலையூரில் நெஞ்சு எரிவதும் வறட்டு இருமல் வருவதும் இதனால்தான். காதை மூடும் குல்லாய் மட்டும் போதாது. மஃப்ளரின் ஒரு சுற்று மூக்கையும் வாயையும் தளர்வாக மூட வேண்டும். வெளிமூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த உள்மூச்சில் திரும்பி வரும். துணி நனைந்து போனால் மாற்றிக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையின் முகத்தை மட்டும் துணியால் மூடாதீர்கள். அணைத்துத் தூக்கிக்கொள்வதே போதும்.

11. மலை விடுதியில் குளிருக்குப் பயந்து கரி அடுப்பையோ கணப்பையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

12. ஓட்டமோ வேக நடையோ முடித்த ஐந்து, பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி இரைப்பு வருகிறதா? ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கும் நாம், ஓடும்போது 60 முதல் 100 லிட்டர் இழுக்கிறோம். மூக்கு தாங்காமல் வாய் திறந்துகொள்ள, பதப்படாத காற்று மூச்சுக்குழாயின் ஆழத்துக்கே போய்விடுகிறது. 1970-களில் பாஸ்டனில் மெக்ஃபேடன் குழுவினர் இந்த இரைப்பை மூச்சுப்பாதையின் வெப்ப இழப்போடு தொடர்புபடுத்தினார்கள். சூடு போவதைவிட, நீர் போய் உப்புச் செறிவு ஏறுவதே தசையை இறுக்குகிறது என்று ஆஸ்திரேலியாவின் சாண்ட்ரா ஆண்டர்சன் விளக்கினார். இரண்டும் சேர்ந்து நமக்குச் சில வழிகளைக் காட்டுகின்றன. எடுத்த எடுப்பில் ஓடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடேற்றுங்கள். குளிர்காலத்தில் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். முடிந்தால் நீச்சல் பழகுங்கள். நீர்ப்பரப்பை ஒட்டிய ஈரக் காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஓட்டத்தைவிட இதமானது. குளோரின் நெடி தூக்கலாக அடிக்கும் மூடிய குளத்தைத் தவிருங்கள். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி, ஓடுவதற்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பதால் பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

13. ஆவி பிடிப்பது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் பெரியவர்களுக்குச் சற்று நேரம் இதமாக இருப்பது உண்மை. சளியை அது குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கொரோனா நாட்களில் வேளைக்கு வேளை பிடித்தவர்கள் பலர். மூக்கின் சவ்வு வெந்துபோனால் அது செய்ய வேண்டிய வேலையும் கெடும். பெரியவர்கள் பிடிப்பதென்றால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத மேசையில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துச் சில நிமிடங்கள் போதும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன குழந்தைகளைத் தீக்காயப் பிரிவுகளில் பார்க்கலாம். சூடான மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்; அதிலிருந்து எழும் ஆவி அவர்களுக்குப் போதும்.

14. குளிப்பாட்டும்போது பிறந்த குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். பாட்டிமார் அன்போடுதான் செய்கிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண மருந்துக்கு அது எளிதில் அடங்காது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். குழந்தையின் மூக்கு காய்ந்திருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு ஓரிரண்டு போதும்.

15. பெரியவர்கள் மூக்கை உப்புநீரால் கழுவலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம், அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தே பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஏற்றினால் மூளையைத் தின்னும் அமீபா நுழையும் அபாயம் உண்டு; அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம்.

16. சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் ஆகியும் நிற்காவிட்டாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

17. மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். பிறகு மருந்து இல்லாமல் மூக்கு திறக்காது.

18. ஆசிரியர்கள், பாடகர்கள், பேச்சாளர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் வாயால்தான் காற்றை இழுக்கிறார்கள். குரல்நாண் காய்ந்து குரல் கம்முகிறது. வகுப்புக்கு ஒரு பாட்டில் வெதுவெதுப்பான நீர் எடுத்துப் போய் அவ்வப்போது ஒரு வாய் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் நேரே போய் மூக்கையோ குரல்நாணையோ நனைக்காது. இழந்ததை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் பலன். அதனால் பேச்சு முடிந்த பிறகு ஒரே மூச்சில் குடிப்பதைவிட, முன்னதாகவே தொடங்குவது நல்லது. பத்தி முடியும் இடத்தில் வாயை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள்.

19. விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். 22 டிகிரி, 15 சதவீதம் என்றால் லிட்டருக்கு வெறும் 3 மில்லிகிராம். ஊட்டிப் பனியைவிட வறட்சி. சிங்கப்பூர் போவதற்குள் பெரிதாக எதுவும் தெரியாது. லண்டன், டொரன்டோ என்று போகும் பெற்றோர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டால் மூக்கும் தொண்டையும் காயாமல் இறங்கலாம். இமயமலைப் பயணத்தில் குளிரோடு வேகமூச்சும் சேர்வதால் இழப்பு இன்னும் கூடும். 1953 எவரெஸ்ட் குழுவின் உடலியல் ஆய்வாளர் கிரிஃபித் பியூ, ஏறுபவர்கள் நாளுக்கு 3 லிட்டருக்காவது நீர் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். லே, கைலாஷ் பக்கம் போகிறவர்கள் தாகம் எடுக்கக் காத்திருக்காதீர்கள்.

20. சளி, காய்ச்சலில் குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால் நீரும் வேகமாகப் போகும். கஞ்சி, இளநீர், தாய்ப்பால் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

21. சிலிண்டரிலிருந்தோ கான்சன்ட்ரேட்டரிலிருந்தோ வரும் ஆக்சிஜனில் ஈரமே இருக்காது. அளவு குறைவாக இருந்தால் மூக்கே சமாளித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் போகும்போது பெரும்பாலும் குமிழி பாட்டில் இணைக்கச் சொல்வார்கள். அதில் டிஸ்டில்டு வாட்டரோ கொதித்து ஆறிய நீரோ கோட்டளவுக்குள் ஊற்றி, தினமும் கழுவி மாற்றுங்கள். மூக்கு காய்கிறது என்று வாஸ்லின், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பற்றும். நீர் கலந்த ஜெல்லைக் கேட்டு வாங்குங்கள். பூஜை விளக்கும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம்.

22. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவர்களுக்கு மூக்கின் உதவியே கிடையாது. வெளிக்காற்று நேராக மூச்சுக்குழாயில் இறங்குகிறது. குழாயின் வாயில் மாட்ட ‘செயற்கை மூக்கு’ என்ற சிறு மூடி கிடைக்கிறது. உள்ளிருக்கும் தாளோ நுரைப்பஞ்சோ வெளிமூச்சின் ஈரத்தைப் பிடித்து உள்மூச்சில் திருப்பித் தரும். சளி பட்டு நனைந்தால் அதைக் கழுவி மாட்டாமல் புதிதாக மாற்றுங்கள். அது கிடைக்காதபோது, நூல் பிரியாத சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் துளைக்கு முன்னால் தளர்வாகத் தொங்கவிடலாம். உள்குழாயைக் கழுவும் நேரத்தையும் முறையையும் மருத்துவமனையில் செவிலியரிடம் செய்து காட்டச் சொல்லி, வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். குழாயில் விசில் சத்தம் கேட்டால் சளி காய்ந்து அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.